கையெழுத்து எதற்குப் போட்டீர்கள்?

கழிமுகத்துக் கடிதங்கள்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர், ஓர் அனல்மின் நிலைய ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேதியியலராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற திருவொற்றியூர்க்காரர்.)

எங்கள் குப்பத்துக்கு ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். கழிமுகச் சேற்றில் அலையாத்தி நடப்போவதாகவும், அது காற்றிலிருக்கும் கரியை இழுத்துக்கொள்ளும் என்றும், வரும் பணத்தில் ஊருக்கும் பங்கு உண்டு என்றும் சொன்னார்கள். தேநீரும் சமோசாவும் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வந்தவர்களின் பட்டியல் என்று நினைத்தோம். இப்போது ஊரே சம்மதித்துவிட்டது என்கிறார்கள். சம்மதித்தோமா, இல்லையா?
– மீனவர் ஒருவர், எண்ணூர்

சம்மதிக்கவில்லை. சமோசா சாப்பிட்டீர்கள் என்பதற்குத்தான் அந்தத் தாள் சாட்சி.

ஆனால் சும்மா இருந்துவிடாதீர்கள். முதலில் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது, அது நீங்கள் கையெழுத்துப் போடும்போது இருந்ததா, பிறகு ஏறியதா என்று பாருங்கள். அடுத்து ஊர்க் கூட்டம் போட்டு, 'அன்று நடந்தது தகவல் கூட்டம், நாங்கள் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை' என்று தமிழில் எழுதி, தேதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இதை இந்த வாரமே செய்ய வேண்டும். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்ட காகிதம் எதுவும் மீனவன் பக்கம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இப்படிப்பட்ட திட்டம் கார்பனை விற்க (அதாவது, இழுத்துக்கொண்ட கரிக்கான சான்றைப் புகைவிடும் நிறுவனங்களுக்கு விற்க) வேண்டுமானால் வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற ஒரு பதிவு அமைப்பில் சேர வேண்டும். உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும், குறை சொல்ல வழி வைத்திருக்க வேண்டும் என்று அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது. வெர்ராவில் திட்ட ஆவணத்தை 30 நாள் பொதுப்பார்வைக்கு வைப்பார்கள். அது இணையத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். உங்கள் ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? நாலு பேரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். 'உள்ளூர் மக்கள் மகிழ்ச்சியுடன் வரவேற்றனர்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரிக்கு எதிரே உங்கள் கடிதம் போய் நிற்க வேண்டும்.

இனி, கையெழுத்தைவிடப் பெரிய விஷயம். எந்தச் சேற்றில் நடப்போகிறார்கள்?

அலையாத்திக்கு நான் விரோதி அல்ல. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் வெண்கண்டல் புதர்களுக்குள் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்கி வளர்வதைப் பார்த்தே வளர்ந்தவன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தபோது அந்தப் புதர்கள் இடுப்பளவு கறுத்து நின்றதையும் பார்த்தேன். அவற்றைக் காப்பாற்ற யாராவது பணம் கொடுத்தால் வேண்டாம் என்பேனா? ஆனால் ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் தெரியும் வெறும் சேற்றுத் திட்டு, வெளியூர்க்காரர் கண்ணுக்குத்தான் காலி இடம். அங்கேதான் பெண்கள் மட்டி பொறுக்குகிறார்கள். அங்கேதான் இருளர் குடும்பங்கள் பறியோடு இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கின்றன. அதில் வரிசையாகக் கன்றுகளைக் குத்தினால் ஒருவரின் வயிற்றுப்பாட்டை எடுத்து இன்னொருவரின் கணக்கில் எழுதியதாகிவிடும்.

சரி, கன்றாவது பிழைக்குமா? சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கடலோரமெங்கும் அலையாத்தி நட்டார்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் 23 இடங்களைப் போய்ப் பார்த்தபோது 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. இடம் தவறு, நீர் மட்டம் தவறு, நட்ட பிறகு திரும்பிப் பார்க்க ஆளில்லை. சுரபுன்னை என்ற அலையாத்தி இனத்தின் நீண்ட விதைக்குச்சியைச் சேற்றில் குத்துவது எளிது, புகைப்படத்திலும் அழகாக நிற்கும். அதற்காகவே அந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறான உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டார்கள். உப்பேறிச் செத்துக் கிடந்த இடத்தில் காடு திரும்பியது. அங்கே முதல் வேலை தண்ணீருக்கு வழி விட்டது, கன்று நட்டது அதற்குப் பிறகு. எண்ணூரில் தண்ணீர் வழியை அடைத்துக் கிடப்பது அனல்மின் நிலையச் சாம்பல். அதை யார் அள்ளப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

பங்கு உண்டு என்றார்களே, எதில் பங்கு? விற்ற விலையிலா, செலவு போக மிச்சத்திலா? 'மிச்சம்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கென்யாவில் காஸி விரிகுடா என்ற இடத்தில் 117 ஹெக்டேர் அலையாத்தியை ஊர்க்காரர்களே காத்து, ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கணக்கில் கார்பனை விற்று, அந்தப் பணத்தில் குடிநீர் குழாயும் பள்ளிக்கூடச் செலவும் பார்க்கிறார்கள். 2013 முதல் நடக்கிறது. 'மிகோகோ பமோஜா' என்று பெயர், அலையாத்தியும் நாமும் சேர்ந்து என்ற பொருளில். பணம் எதற்குப் போக வேண்டும் என்று அங்கே ஊர் கூடி முடிவெடுக்கிறது. அதனால்தான் ஊரே காட்டுக்குக் காவல் நிற்கிறது.

கார்பன் உமிழ்வைக் குறைப்பதும் கார்பனை நீக்குவதும் ஒன்றுதானே?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

நீங்கள் தண்டையார்பேட்டை என்பதால் எளிது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தெருத் தண்ணீர் நுழைகிறது. வாசலில் மண்மூட்டை போடுவது குறைப்பு. உள்ளே வந்துவிட்டதை வாளியால் அள்ளி வெளியே ஊற்றுவது நீக்கம். இரண்டும் வேண்டும். மண்மூட்டை போட்டாலும் எங்காவது கசியும், அதனால் அள்ளாமல் முடியாது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவே 2022 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆனால் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, 'பார், எத்தனை வாளி அள்ளினேன்' என்று பெருமை பேசினால் அம்மா என்ன சொல்வார்?

ஒரு கணக்குப் போடுவோம். 1500 மெகாவாட் நிலக்கரி நிலையம் (வல்லூரில் இருப்பது அந்த அளவு) முழுத் திறனில் ஓடினால் மணிக்கு 15 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. சற்றுக் குறைத்து 950 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்குச் சுமார் 24 டன் ஆகிறது. ஒரு ஹெக்டேர் அலையாத்தி ஆண்டுக்குத் தன் சேற்றுக்குள் புதைப்பது 6 அல்லது 7 டன். அப்படியானால் 10 ஹெக்டேர் அலையாத்தி ஓர் ஆண்டு முழுக்க உழைப்பது, அந்தப் புகைபோக்கியின் மூன்று நிமிடம்.

ஐஸ்லாந்தில் காற்றை உறிஞ்சிக் கரியமில வாயுவைப் பிரித்துப் பாறைக்குள் செலுத்தும் 'மாமத்' என்ற ஆலை 2024இல் தொடங்கியது. அதன் பெயரளவுத் திறன் ஆண்டுக்கு 36,000 டன். நம் கணக்கில் ஒரு நாளைக்கு மேல் கொஞ்சம். இதைச் சொன்னால் 'அப்படியானால் எதுவும் செய்ய வேண்டாமா' என்று கோபித்துக்கொள்கிறார்கள். செய்யட்டும். மண்மூட்டையைப் போட்டுவிட்டுச் செய்யட்டும்.

மொட்டைமாடியில் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி என்று 12 தொட்டி வைத்திருக்கிறேன். கார்பன் கிரெடிட் கிடைக்குமா?
– இல்லத்தரசி, வியாசர்பாடி

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. நன்றாக வளர்ந்த பெரிய மரமே ஆண்டுக்குச் சுமார் 20 கிலோதான் எடுக்கும் என்பார்கள். உங்கள் 12 தொட்டியும் சேர்ந்து ஒரு டன் எடுப்பதற்குள் பேரன் கல்யாணம் வந்துவிடும். நடுவில் ஒரு புயல் வந்தால் கணக்கு பூஜ்யம்; 2016 டிசம்பரில் வர்தா ஒரே நாளில் சென்னை மரங்களை எப்படிச் சாய்த்தது என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முருங்கைக்கீரையைக் கிரெடிட்டாக நினைக்காமல் கீரையாகவே கடைந்து சாப்பிடுங்கள்.

கடலில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ கொட்டினால் கடல் அதிகக் கரியமில வாயுவை உறிஞ்சும் என்று படித்தேன். நிஜமா? நம் பக்கமும் வருமா?
– ஆலைத் தொழிலாளி, மணலி

வேதியியல் நிஜம். கடல்நீரில் காரத்தன்மையைக் கூட்டினால் கரைந்திருக்கும் கரியமில வாயு பைகார்பனேட்டாக மாறும், கடல் காற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சமன்பாட்டை என்னால் தூக்கத்திலும் எழுத முடியும். சமன்பாட்டில் மீனவர் இல்லை என்பதுதான் சிக்கல்.

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில், செயின்ட் ஐவ்ஸ் விரிகுடாவில் ஒரு கனடா நிறுவனம் கழிவுநீர்க் குழாய் வழியாக மெக்னீசியம் ஹைட்ராக்சைடை விட்டுப் பார்க்கத் திட்டமிட்டது. நாம் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து இருக்கிறதே, அதே பொருள்தான். 2022இல் சிறிய அளவில் விட்டும் பார்த்திருந்தார்கள். கரையில் இருந்தவர்களில் பலருக்கு அது பின்னால்தான் தெரிந்தது. 2023இல் பெரிய சோதனை என்றதும் ஊர் கடற்கரையில் திரண்டுவிட்டது. கடல்நாய்களுக்கு என்ன ஆகும், மீனுக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள். பிறகு வல்லுநர்கள் ஆராய்ந்து, ஆபத்து குறைவு என்றே சொன்னார்கள். ஆனாலும் 2025இல் நிறுவனம் அந்த இடத்தைக் கைவிட்டது. பொருள் பெரிய கெடுதல் இல்லை, சொன்ன வரிசைதான் கெடுதல். முதலில் விட்டுவிட்டுப் பிறகு விளக்கினால், விளக்கம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சாக்குப்போலத்தான் கேட்கும்.

ஊர் சம்மதித்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2012இல் கனடாவின் மேற்குக் கரையில், ஹைடா பழங்குடியினரின் ஒரு கிராமம் வாக்களித்து, 20 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு, சுமார் 100 டன் இரும்புச் சல்பேட்டைக் கடலில் கொட்ட வைத்தது. இரும்பு உரமாகிப் பாசி வளரும், பாசி கரியமில வாயுவை எடுக்கும், சால்மன் மீன் திரும்பும், கார்பன் விற்றுக் காசு வரும் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். உலகமெங்கும் கண்டனம் எழுந்தது, கார்பன் காசும் வரவில்லை. கடனும் கெட்ட பெயரும் யாருக்கு? யோசனை சொன்னவர்களுக்கு அல்ல. பாதி விவரத்தில் வாங்கிய சம்மதம் அப்படித்தான் முடியும்.

நம் நாட்டு விஞ்ஞானிகளும் இதில் இறங்கியவர்களே. 2009இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மானியர்களும் சேர்ந்து, அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் இரும்பு கரைத்துப் பார்த்தார்கள். பாசி வளர்ந்தது. அதைக் குட்டி ஓட்டுயிரிகள் தின்றுவிட்டன, ஆழத்துக்குப் போன கரி சொற்பம். கடலில் சாப்பாடு போட்டால் சாப்பிட யாராவது வருவார்கள் என்பதை எண்ணூரில் எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். இது விஞ்ஞானிகளைக் கேலி செய்ய அல்ல. சோதித்தார்கள், வேலைக்காகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்தக் குணம் வியாபாரத்தில் அரிது.

காக்கா ஆழி என்ற சிப்பி எங்கள் கழியை மூடிவிட்டது. ஓடு முழுக்கச் சுண்ணாம்புதானே, கார்பன்தானே? அதைக் காட்டிக் காசு கேட்கலாமா?
– மீனவர், பழவேற்காடு சாலை

நல்ல மூளை உங்களுக்கு! ஆனால் நடக்காது. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த அந்த ஆழி ஓடு கட்டும்போது, தண்ணீரிலிருக்கும் இரண்டு பைகார்பனேட்டை எடுத்து ஒன்றைச் சுண்ணாம்பாக்குகிறது, மற்றதைக் கரியமில வாயுவாக வெளியே விடுகிறது. பார்த்தால் சேமிப்பு மாதிரி இருக்கும், கணக்கில் செலவு. உங்கள் மட்டியையும் இறாலையும் இடம்பெயர்த்ததற்கு நஷ்டஈடு கேளுங்கள், அது நியாயம்.

சீமைக் கருவேலத்தைச் சுட்டுக் கரியாக்கி வயலில் போட்டால் கார்பன் நீக்கமாமே?
– விவசாயி, மீஞ்சூர்

ஆமாம். காற்றில்லாமல் சுட்ட கரி மண்ணில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் தங்கும், உலை சரியாக இருந்தால் புகையும் குறைவு. என் சந்தேகம் ஒன்றே. பத்து வருடத்துக்கு ஒப்பந்தம் போட்ட உலைக்கு, கருவேலம் தீர்ந்த மறுநாள் எந்த மரத்தை ஊட்டுவார்கள்? அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

31 வருடம் அனல்மின் நிலையத்தில் சம்பளம் வாங்கியவர் நீங்கள். கழிமுகத்தைச் சாம்பலாக்கியவர்களில் ஒருவர். இப்போது உபதேசம் செய்ய என்ன தகுதி?
– பெயர் வெளியிட விரும்பாதவர்

தகுதி இல்லை. அனுபவம் உண்டு.

என் வேலை தண்ணீரைச் சோதிப்பது. கொதிகலன் நீர், குளிர்விக்கும் நீர், சாம்பல் குட்டையிலிருந்து வழியும் நீர். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கிக் குழாயில் பல கிலோமீட்டர் அனுப்புவோம். குழாய் கழிமுகத்தைத் தாண்டித்தான் போகும். துருப்பிடித்த இடத்தில் பிய்த்துக்கொண்டு ஊற்றும். வெள்ளை வெளேரென்று ஆறு நிறம் மாறும். அந்த நாட்களிலும் என் அறிக்கையில் 'வரம்புக்குள்' என்றுதான் இருக்கும். நான் எண்ணைத் திருத்தவில்லை, அந்த அளவுக்கு நேர்மையானவன். மாதிரி எடுக்கும் இடம் குட்டையின் வழிவாய் என்று அட்டவணையில் இருந்தது. அட்டவணையை வகுத்தவர் நான் இல்லை. உடைப்பு அதற்கு முன்னால். நான் எடுத்த தண்ணீர் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

ஒருமுறை விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். ஷாமியானா, மின்விசிறி, மேடையில் அதிகாரிகள். நான் மேடைக்குப் பின்னால் வரைபடச் சுருளோடு நிற்கிறேன். அறுபது வயது இருக்கும், ஓர் அம்மா ஒலிபெருக்கியைப் பிடித்தார். கத்தவில்லை. 'நீங்கள் தண்ணீர் எடுத்ததாகச் சொல்லும் இடத்தில் நாங்கள் இறால் பிடிப்பதில்லையே ஐயா' என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். மேடையிலிருந்து 'குறித்துக்கொள்கிறோம்' என்று பதில் வந்தது. குறித்துக்கொண்டார்கள். அடுத்த அட்டவணையிலும் அதே வழிவாய்.

2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் சுருக்கம், வீடியோ பதிவு, முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டுவது எல்லாம் உண்டு. கூட்டம் தொடங்க இத்தனை பேராவது இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை மட்டும் கிடையாது. நாலு பேர் வந்தாலும் கூட்டம், நாலாயிரம் பேர் வேண்டாம் என்றாலும் கூட்டம். கன்று நடுகிறோம், கரி புதைக்கிறோம் என்று வரும் திட்டங்களில் பலவற்றுக்கு இந்தக் கூட்டம்கூடக் கட்டாயமில்லை. 'பசுமை' என்ற ஒரு சொல்லே அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

அதனால்தான் கார்பன் திட்டக்காரர் யார் வந்தாலும், 'எதை அளக்கப்போகிறீர்கள்' என்பதோடு 'எந்த இடத்தில்' என்றும் கேட்கச் சொல்கிறேன். இடத்தை ஊர் குறிக்க வேண்டும். மாதிரிக் குப்பிகளில் ஒன்று ஊரில் இருக்க வேண்டும். என் பாவத்துக்கு இது பரிகாரம் ஆகாது. எனக்குத் தெரிந்த தந்திரம் இது ஒன்று, சொல்லி வைக்கிறேன்.

நான் கார்பன் நீக்கத் திட்டம் ஒன்றில் களப்பணியாளர். வயது 26. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் வடசென்னைக் குப்பங்களில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எப்படி அணுகுவது? எங்கள் திட்ட வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.
– களப்பணியாளர், பெரம்பூர்

தம்பி, முகம் கொடுக்காததற்கு நீங்கள் காரணமில்லை. உங்களுக்கு முன்னால் வேலை தருகிறோம் என்று வந்தவர்கள், துறைமுகம் என்று வந்தவர்கள், கணக்கெடுப்பு என்று வந்தவர்கள் எல்லோரும் உங்களைப்போலவே இஸ்திரி போட்ட சட்டையில், கழுத்தில் அட்டையோடுதான் வந்தார்கள்.

காலை 11 மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள். இரவெல்லாம் வலை போட்டவர் தூங்கும் நேரம் அது, பெண்கள் மீன் விற்கப் போயிருப்பார்கள். நாளையும் நேரத்தையும் ஊரே சொல்லட்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசினால் எல்லோரிடமும் பேசியதாக எண்ண வேண்டாம். இருளர் குடும்பங்களுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை, அவர்களிடம் தனியே போக வேண்டும். உங்கள் திட்டத்தின் மோசமான பக்கத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள். எத்தனை வருடத்துக்கு அந்தச் சேற்றில் யார் இறங்கக்கூடாது, கார்பனை வாங்கும் நிறுவனம் எது, அது எவ்வளவு புகை விடுகிறது, கன்று செத்தால் பொறுப்பு யாருடையது. வாங்குபவரின் பெயரைச் சொல்ல உங்கள் மேலாளர் அனுமதிக்கவில்லை என்றால், அதையும் அப்படியே சொல்லுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னால் நின்றுபோகும் திட்டமா இது என்று மேலாளரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லை என்றால் அது கலந்தாய்வு அல்ல, அறிவிப்பு. அறிவிப்பு என்றே பெயர் போட்டுக் கூட்டம் நடத்துங்கள், குறைந்தபட்சம் பொய் இருக்காது.

வரைபடத்தைப் பார்த்தேன். செயற்கைக்கோள் படம் தெளிவாகத்தான் இருக்கிறது. கழிமுகத்தின் மேற்கே மஞ்சள் பூசி 'தரிசுச் சேற்று நிலம், 14 ஹெக்டேர்' என்று எழுதியிருக்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை வற்றத்தின்போது அங்கே போய் நின்று எண்ணினேன். மட்டி பொறுக்கியவர்கள் 23 பேர், அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடச் சீருடையில். அந்தத் திட்டுக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி, திருத்திய படத்தை அனுப்புங்கள். அடுத்த இதழுக்குள் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.